ஆறினால்தான் கிளம்பும்

மட்டாஞ்சேரிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு மலையாளத்தில் ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. இது முட்டாள்தனம் இல்லை, வெறும் சோம்பேறித்தனம். வாசிக்கத் தெரிந்தவன் மாதிரி பன்னிரண்டு வருஷமும் நடித்தேனே, அதுதான் முட்டாள்தனம். காலையில் சாயாக்கடையில் மலையாளப் பேப்பரை விரித்து வைத்துக்கொள்வேன். ஒரு நாள் பக்கத்துக் கடைக்காரர் நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தை எட்டிப் பார்த்து, "கஷ்டம்தான், அல்லே?" என்றார். "ரொம்பக் கஷ்டம்" என்று தலையை ஆட்டி உச்சுக் கொட்டினேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பிறகுதான் கவனித்தேன், என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது நகைக்கடை விளம்பரம். அவர் பார்த்தது தங்கத்தின் விலையாக இருக்கும் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

என் தொழில் வத்தல், மல்லி, பூண்டு. தேனிப் பக்கத்திலிருந்து மூட்டை வந்து என் கோடௌனில் இறங்கும். அங்கிருந்து என்னுடைய ஒற்றை மினி லாரி அதை வைப்பின், இடக்கொச்சி, திருப்பூணித்துறைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடும். பழைய டீசல் வண்டி. என் கல்யாணத்தைவிட வயது கூட, சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு.

அதை ஓட்டியவரை பஜாரில் எல்லோரும் இக்கா என்பார்கள், அண்ணன் என்று அர்த்தம், நானும் அப்படித்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டில் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து மட்டாஞ்சேரிதான். படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். அதனால் பேச்சுக்குத் தமிழ், எழுத்துக்கு மலையாளம். நான் இரண்டுக்கும் தமிழ். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் தைத்தால் முழுசாக ஒரு ஆள் தேறுவான்.

ஒரு நாள் சாயங்காலம் இக்கா வந்து சொன்னார்: "முதலாளி, வண்டி சூடானா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஆறினாத்தான் கிளம்புது."

நான் சும்மா இருந்திருக்கலாம். நாலு பேர் நின்றிருந்தார்கள், அதுதான் வினை. எனக்கு நாலு பேர் நின்றால் போதும், நாக்கு அரிக்கும்.

"சூடாகுதா? நீங்க என்ன திட்டுனீங்க அதை?" என்றேன்.

மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள். இக்காவும் லேசாகச் சிரித்தார். "தமாசு இல்லை முதலாளி. செல்ஃப் நல்லாச் சுத்துது, எஞ்சின் பிடிக்க மாட்டேங்குது. முக்கா மணிக்கூர் போட்டாப் பிடிக்குது."

மறுநாள் காலை ஏழு மணிக்கு நானே கோடௌன் வாசலில் வண்டியில் ஏறி சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. பெண் பார்க்கக் கூப்பிட்ட மாப்பிள்ளை மாதிரி துள்ளி எழுந்தது. இக்காவைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினேன். அவர், "இது ராத்திரி முழுக்க ஆறின வண்டியாக்கும்" என்றார். அடுத்த நாளும் காலை ஏழு மணிக்குச் சோதித்தேன். மூன்றாம் நாளும் காலை ஏழு மணிக்கே. சூடானால் கிளம்பாது என்று ஒரு மனுஷன் சொல்கிறார், நான் தினமும் ஆறின வண்டியைச் சோதித்துவிட்டு அவரைப் பொய்யராக்குகிறேன். புதுசாக ஒரு பேட்டரியும் வாங்கிப் போட்டேன், நானும் ஏதோ செய்தேன் என்று இருக்கட்டுமே என்று.

என் கணக்கு இதுதான்: காலையில் கிளம்புகிற வண்டி பகலில் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? அதுவும் ஒவ்வொரு தடவையும் சாயாக்கடைப் பக்கமாகவே ஏன் நிற்க வேண்டும்? விடை எனக்குப் பளிச்சென்று கிடைத்தது. பஜார் முழுக்க அதைச் சொன்னேன்: "எங்க வண்டிக்கு ரேடியேட்டர்ல தண்ணி பத்தாது, இக்காவுக்கு சாயா ஊத்தினாத்தான் ஓடும்." நல்ல தமாஷ். ஒரே வாரத்தில் அவருக்கு 'சாயா இக்கா' என்று பேர் விழுந்தது. அவர் மூட்டையோடு போகும்போதே, "சாயா இக்கா, கடுப்பமா லைட்டா?" என்று கத்துவார்கள். அதை நான் கண்டுபிடித்தேன் என்று எனக்குப் பெருமை வேறு.

இக்கா மறுபடி வந்து சொன்னபோது கொஞ்சம் முதலாளித்தனமாக ஒரு பேச்சுப் பேசினேன். "வாயால சொன்னா காத்துல போயிடும் இக்கா. ஒரு நோட்டு வாங்கி வண்டியில போடுங்க. என்னிக்கு நின்னுது, எப்படி நின்னுது, எல்லாம் எழுதுங்க. சனிக்கிழமை சனிக்கிழமை நான் பாத்துக் கையெழுத்துப் போடுறேன்."

"மலையாளத்திலயாக்கும் எழுத வரும். பரவாயில்லையா?"

நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"எதுல வேணா எழுதுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

அவர் எழுத மாட்டார், இத்தோடு பேச்சு முடியும் என்று நினைத்தேன். எழுதினார். நீல அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு. சனிக்கிழமை அதைக் கொண்டுவந்து, "ஒப்பு" என்று கையெழுத்துக்கு நீட்டுவார். விரித்தால், கிள்ளிப் போட்ட வத்தல் காம்பு மாதிரி வளைந்து வளைந்து பக்கம் நிறையக் கிடக்கும். கண்ணை இடமும் வலமும் ஓட்டுவேன். நடுவில் ஒரு தடவை "ம்ம்" என்பேன். பிறகு பச்சை மைப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு நாள் குறிப்புக்கும் அடியில் 'சரி' என்று வாய்விட்டுச் சொல்லி, அதையே தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பச்சை மை எனக்கு அதிகாரம் மாதிரி ஒரு தோரணை தரும்.

இப்படி ஏழெட்டு சனிக்கிழமை போனது. ஒரு நாள் இக்கா சாவியை மேஜைமேல் வைத்தார்.

"போறேன் முதலாளி."

"எங்க?"

"போன மாசமே புக்குல எழுதிட்டேன். நீங்களும் சரின்னு போட்டீங்களே."

"ஆமா ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? என்ன எழுதினீர்கள் என்று கேட்டால் குட்டு உடைந்துவிடும். அவர் போனதும் பஜாரில், "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரப்பா மனுஷன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இதுவரைக்கும் நடந்ததை முட்டாள்தனம் என்று தள்ளிவிடலாம். அடுத்ததை அப்படித் தள்ள முடியவில்லை. பத்து நாள் கழித்து திருப்பூணித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். பள்ளி பஸ் ஓட்டுவதற்கு இக்கா விண்ணப்பம் போட்டிருக்கிறாராம், முன்பு வேலை பார்த்த இடம் என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறாராம். "ஆள் எப்படி?" என்று கேட்டார். அப்போது என் கோடௌனில் ஆட்கள் இருந்தார்கள். எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

"நல்ல மனுஷன் மேடம். ஒண்ணே ஒண்ணு, வழியில ஒரு சாயாக்கடை விடமாட்டார். புள்ளைங்க ஸ்கூலுக்கு லேட்டா வந்தாலும் சாயா குடிச்சிட்டுத்தான் வருவாங்க" என்றேன்.

கோடௌன் சிரித்தது. போனில் அந்த அம்மா சிரிக்கவில்லை. "தேங்க்யூ" என்று வைத்துவிட்டார். நான் அதை உடனே மறந்தும் போனேன். இப்போது நினைத்தால் அந்த மறதிதான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது.

புது டிரைவர் கிடைக்கும்வரை நானே வண்டியை எடுத்தேன். ஒரு வியாழக்கிழமை வைப்பினுக்குப் பூண்டு லோடு. ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஜங்காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வண்டிகளைச் சுமந்து காயலைக் கடக்கிற அந்தப் படகில் ஏறினால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஒழுங்காக நிறுத்தினேன். முதல் வரிசையில் நான். பின்னால் காரும் ஆட்டோவும் ஸ்கூட்டருமாக அடைத்துக்கொண்டு நின்றன. அக்கரை சேர்ந்தது, பலகை இறங்கியது, சாவியைத் திருப்பினேன்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

மறுபடி திருப்பினேன். கிர் கிர் கிர் என்று சுற்றியதே தவிர, ஒரு செருமல்கூட இல்லை. பின்னால் ஹாரன் ஒன்று தொடங்கியது, பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டன. ஒரு ஸ்கூட்டர்க்காரி மீன் கூடையைத் தூக்கிக் காட்டி, "ஐஸ் உருகிப் போகுந்நு, சேட்டா! தள்ளு!" என்றாள். கரையில் ஏறக் காத்திருந்த கூட்டமும் என்னைத்தான் பார்த்தது. எத்தனை பேர் நின்றாலும் நாக்கு அரிக்கிற எனக்கு அன்று ஒரு தமாஷும் வரவில்லை.

ஜங்காரில் கயிறு போடுகிற ஆள் ஓடி வந்தான். முன் கண்ணாடியைப் பார்த்து நின்றான். "இது நம்மட இக்காடெ வண்டியல்லே? இக்கா இவிடெ ஒரிக்கலும் ஆஃப் ஆக்காறில்லல்லோ!"

இக்கா இங்கே ஒரு நாளும் ஆஃப் பண்ண மாட்டாராம். ஜங்கார் ஆட்களிடம் விஷயத்தைச் சொல்லி, கெஞ்சி, எஞ்சினை ஓடவிட்டபடியே கடப்பாராம். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. டிக்கெட் கிழிக்கிறவனுக்கும் தெரிந்திருக்கிறது. வண்டிக்கு முதலாளி என்று ஒருத்தன் இருந்தான், அவனுக்கு மட்டும் தெரியவில்லை.

கயிறு போடுகிறவன் உடனே வேலையில் இறங்கினான். ஒரு கோணிச் சாக்கைக் காயலில் முக்கி எடுத்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த டீசல் பம்பின்மேல் போர்த்தினான். ஆவி கிளம்பியது. ஹாரன் சத்தத்தில் ஐந்து நிமிஷம் நின்றோம். "இனி அடி" என்றான். அடித்தேன், பிடித்தது. கூட்டம் கை தட்டியது. மீன்கூடைக்காரி போகிற போக்கில், "வண்டிக்குப் பனி ஆணோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நெற்றியில் ஈரத்துணி போட்டால் இறங்குகிற ஜுரம்தான் என்று அவளுக்கும் ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

எஞ்சினை நிறுத்தாமலே சரக்கை இறக்கிவிட்டு, நிறுத்தாமலே திரும்பி, நேராக இடக்கொச்சியில் எனக்குத் தெரிந்த மேஸ்திரியின் ஒர்க்ஷாப்புக்கு ஓட்டினேன்.

மேஸ்திரி பேச்சுக் குறைவான ஆள். அவர் மலையாளத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன், காதுக்கு எனக்கு மலையாளம் உண்டு. "நிறுத்து" என்றார், நிறுத்தினேன். "அடி" என்றார், பிடிக்கவில்லை. பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, "இப்ப அடி" என்றார். டீசல் மூக்கு ஒழுகுகிற மாதிரி வடிந்தது. ஈரச் சாக்கைப் போட்டுக் காத்திருந்து மறுபடி அடித்தபோது பீச்சி அடித்தது. நட்டை முறுக்கினார், எஞ்சின் பிடித்தது.

"பம்ப் உள்ளே தேய்ந்துவிட்டது" என்றார். "டீசல் சூடானால் இளகும், தேய்ந்த சந்து வழியாகப் பின்னால் நழுவும். செல்ஃப் சுற்றுகிற வேகத்துக்குப் பிரஷர் ஏறாது. ஆறினால் ஏறும். எத்தனை நாளாக இப்படி?"

"இப்பத்தான்... கொஞ்ச நாளா..." என்று இழுத்தேன்.

அவர் வண்டிக்குள் எட்டி, டாஷ்போர்டில் கிடந்த நீல நோட்டை எடுத்தார். "எழுதி வைத்திருக்கிறார்களே" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசிக்க ஆரம்பித்தார். ஒர்க்ஷாப்பில் இன்னும் மூன்று பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். என்னோடு நாலு.

"திங்கள். திருப்பூணித்துறையில் சரக்கு இறக்கி நிறுத்தினேன். செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆறிய பிறகு ஒரே அடியில் பிடித்தது." மேஸ்திரி நிறுத்தினார். "இதற்கு அடியில் பச்சையில் என்னமோ தமிழில் எழுதியிருக்கே, என்ன?"

"சரி" என்றேன்.

அந்தச் சொல் மலையாளத்திலும் அதேதான். விளக்கம் தேவைப்படவில்லை.

"செவ்வாய். ஃபில்டர் மாற்றியும் அப்படியே. பம்பின்மேல் ஈரச் சாக்கு போட்டேன், ஐந்து நிமிஷத்தில் பிடித்தது. கோளாறு பம்பில்தான். மேஸ்திரியிடம் காட்ட அனுமதி வேண்டும்." விரலால் பச்சையைத் தொட்டு என்னைப் பார்த்தார்.

"சரி" என்றேன்.

"அடுத்த வாரம், புதன். காட்டச் சொல்லி 'சரி' எழுதியிருக்கிறீர்கள். எப்போது என்று எழுதவில்லை. எப்போது?"

"...சரி."

மூன்று பேரில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு டயருக்குப் பின்னால் போய்க் குனிந்தான். மேஸ்திரி சிரிக்கவில்லை, பக்கங்களைத் தள்ளினார்.

"வழியில் நான் சாயா குடிப்பது வண்டி ஆறுவதற்காக. சாயாவுக்காக நான் வண்டியை நிறுத்துவதில்லை. பஜாரில் என்னைப் பற்றி அப்படிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மகளைக் காலேஜில் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்."

இதற்கு அடியில் என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பச்சை மை அவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்று அதுவரை நான் கவனித்ததில்லை.

எழுதியிருந்ததில் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி. "இந்த மாதத்தோடு நிற்கிறேன்." அதற்குக் கீழே என் கையெழுத்து மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிசு. அன்று பேனா நன்றாக எழுதியது போலிருக்கிறது.

மேஸ்திரி நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "நான் இன்று கண்டுபிடித்ததை அந்த ஆள் இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்" என்றார். பிறகு, மெதுவாக, "வாசிக்க அறியில்ல, அல்லே?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்து அம்மாவுக்குப் போன் செய்தேன். கோடௌனில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் செய்தேன். நான் சொன்னது தமாஷ், உண்மை இல்லை, கோளாறு வண்டியில்தான், அவர் அதைத் தினமும் எழுதி வைத்தார், எனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சே" என்றார். "அடுத்த தடவை இடம் வந்தா அவரைக் கூப்பிடுவோம். ஆனா நீங்க சொன்னது தமாஷா, இப்பச் சொல்றது தமாஷான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பஜாரில் இதைவிட மோசம். சாயாக்கடையில் நின்று, "இக்கா சொன்னது அத்தனையும் நிஜம், பொய் சொன்னது நான்தான்" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். "நிஜமாத்தாம்ப்பா" என்றேன். இன்னும் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை எப்படிய்யா மூஞ்சியை மாத்தாமச் சொல்றே?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீல நோட்டோடு இக்கா வீட்டுக்குப் போனேன். ஆட்டோ நுழையாத சந்து. அவர் வாசலில் ஒரு வாடகை ஆட்டோவின் சீட்டைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அது சந்து முனையில் நின்றிருந்த ஆட்டோவின் சீட்டு. பகல் ஷிப்டுக்கு அதைத்தான் ஓட்டுகிறாராம். "வாங்க முதலாளி" என்றார். உட்காரச் சொன்னார். அந்த மரியாதையில் குறைவில்லை, அதுதான் தாங்கவில்லை.

அவர் மனைவி சாயா கொண்டுவந்து வைத்தார். நான் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"குடிங்க" என்றார் அவர் மனைவி. "குடிச்சா வண்டி நின்னு போகும்னு பயமா?"

குடித்தேன். நாக்கு பொத்துப்போனது, சொல்லவில்லை.

"அந்த ஸ்கூல் வேலை கிடைச்சிருந்தா நாலரைக்கு வீட்டுக்கு வந்திருப்பார்" என்றும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, டம்ளரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜங்கார், மேஸ்திரி, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தடவையும் நான் பேசியது. பம்பை இறக்கிச் சரிசெய்தாயிற்று, நடு மத்தியானத்திலும் ஒரே அடியில் பிடிக்கிறது என்றேன். திரும்பி வாருங்கள் என்றேன். "எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது இக்கா. ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஒரு பக்கமும் படிக்காமத்தான் எல்லாத்துக்கும் சரி போட்டேன்" என்றேன். இடையில் ஒரு தமாஷ் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

அவர் துணியைப் பிழிந்து சீட்டின்மேல் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புக்கைத் தாங்க" என்றார். கொடுத்தேன். என் சட்டைப் பையிலிருந்த பச்சைப் பேனாவையும் அவரே எடுத்துக்கொண்டார். எழுதியிருந்த கடைசிப் பக்கத்துக்கு அடுத்த வெற்றுப் பக்கத்தில், முழங்காலில் நோட்டை வைத்து, நிதானமாக மூன்று வரி எழுதினார். மலையாளத்தில்தான். மூடிப் பேனாவோடு திருப்பிக் கொடுத்தார்.

நான் விரித்துப் பார்த்தேன். வத்தல் காம்புகள், இந்தத் தடவை பச்சை வத்தல். வருகிறேன் என்றா, வரமாட்டேன் என்றா, அவர் முகத்திலும் எழுதியிருக்கவில்லை.

"என்ன இக்கா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"வாசிச்சிட்டு ஒப்புப் போடுங்க."